வீரணன் காலியாக விட்ட நாலு கட்டம்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று, எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ஐந்து நாளைக்கு ஒருமுறை காலை பத்தே முக்காலுக்கு ஊரைப் படம் பிடித்துப் போகும் செயற்கைக்கோள். மற்றொன்று, சிலமலை வீரணன். செயற்கைக்கோளுக்காவது மேகம் குறுக்கே வந்தால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. வீரணனுக்கு அதுவும் கிடையாது.

இந்த இருவரையும் ஒரே வேலையில் சேர்த்துவைத்தது ஓர் ஆராய்ச்சித் திட்டம். ஏலமலைச் சரிவில் காடு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளப்பது அதன் நோக்கம். வானத்திலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டர் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் காடு, புல், வயல், பாறை, தோட்டம் என்று பெயர் சூட்டும். சூட்டிய பெயர் சரிதானா என்று யாராவது அந்தக் கட்டத்துக்கே நடந்துபோய்ப் பார்த்து எழுத வேண்டும். ராக்கெட் வைத்து மேலே ஏற்றிய கண்ணை, கீழே செருப்புத் தேய நடக்கும் ஒருவர் சரிபார்ப்பதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். அந்தச் செருப்பு வீரணனுடையது. வயது ஐம்பத்தொன்று. படிப்பு பத்தாம் வகுப்பு. தகுதி, மேலே சொன்ன வியாதி.

வியாதி பிறவியிலேயே வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அண்ணன் சோலைமலை, "என்ன மாப்ளே, பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். வீரணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு பிடிச்சிருக்கு. காப்பிதான் பிடிக்கல. சீனி போட மறந்துட்டாக" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். உள் அறையிலிருந்து மட்டும் ஒரு சிரிப்பு வந்தது. காப்பி போட்டது அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரிதான். பெயர் ஜோதி. "வாழ்க்க பூரா நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்றவனுக்கு இவன் தேவல" என்று சொல்லிச் சம்மதித்தாள். உண்மையோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய சோலி என்று அப்போது அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் வீரணன் திட்டத்தில் சேர்ந்தார். அலுவலகப் பொறுப்பு கலையரசியிடம். தேவாரம் ஊர்க்காரப் பெண், யானை வந்து மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டுப் போன வயலைப் பார்த்து வளர்ந்து, யானை வந்த வழி வானத்திலிருந்து எப்படித் தெரியும் என்று படிக்கப் போனவள். அலுவலகத்தில் அவளை வீரணன் 'மேடம்' என்பார், மலை ஏறிவிட்டால் 'தாயி' என்பார். அவள் இரண்டு இடத்திலும் 'அண்ணே'தான்.

அவள் காட்டிய முதல் படத்தில் காடெல்லாம் சிவப்பாக இருந்தது. பச்சை இலை திருப்பி அனுப்பும், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் சிவப்பாகக் காட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம். அதைப் பார்த்த வீரணன், மலை பற்றிக்கொண்டது என்று பக்கெட்டைத் தேடியதாக அலுவலகத்தில் ஒரு வரலாறு உண்டு. அவரிடமே கேட்டால், "பக்கெட் தேடல. தீயணைப்புக்குப் போன் போட்டேன்" என்று வரலாற்றைத் திருத்துவார்.

பிறகு சோலியைக் கற்றுக்கொண்டார். கையில் இடம் காட்டும் கருவி, தோளில் இருபது மீட்டர் டேப்பு, பையில் ஒரு குவிந்த கண்ணாடி. உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கண்ணாடியில் இருபத்து நான்கு கட்டம் கோடு போட்டிருக்கும். மரத்தடியில் நின்று, அதை நெஞ்சுக்குக் கீழே மட்டமாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால், தலைக்கு மேலே உள்ளதெல்லாம் உள்ளங்கைக்கு இறங்கி வரும். எத்தனை கட்டத்தில் இலை, எத்தனை கட்டத்தில் வானம் என்று எண்ணி எழுத வேண்டும். இரண்டையும் கூட்டினால் இருபத்து நான்கு வர வேண்டும். மூன்றாவதாக ஒன்றுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு தொல்லை, ஏலம். வயல் என்றால் மேலேயிருந்து பார்த்தாலும் வயல்தான். ஏலம் அப்படியில்லை. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். ஆகவே வானத்திலிருந்து பார்த்தால் காடு. நின்று பார்த்தால் ஏலம். குனிந்து பார்த்தால், செடித் தூரில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள். செயற்கைக்கோளுக்கு நிற்கவும் தெரியாது, குனியவும் தெரியாது.

சேர்ந்த இரண்டாம் வருடம், கம்ப்யூட்டர் 'அடர்ந்த காடு' என்று பெயர் வைத்த ஒரு கட்டத்துக்கு வீரணன் ஏறிப் போனார். கருவி 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொன்ன இடத்தில் சோலைமலை உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மரக்கிளையைக்கூட வெட்டாமல், காட்டு மரத்தடியிலேயே யாருக்கும் தெரியாமல் ஏலம் வைத்திருந்தார்.

"வாங்க மாப்ளே! என்ன இந்தப் பக்கம்?"

"சோலியா வந்தேன்."

"மொதல்ல காப்பியக் குடிங்க. சீனி போட்டுருக்கு."

வீரணன் காப்பியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார், நன்றாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து டேப்பை விரித்து, எண்ணி, 'ஏலம். நானூற்றுப் பன்னிரண்டு செடி' என்று எழுதினார்.

"மாப்ளே, அந்தப் பன்னெண்டயாவது விட்டுருக்கக் கூடாதா?" என்றார் சோலைமலை.

"எண்ணிட்டேனே."

எழுதியது மேப்புக்குப் போனது. மேப்பைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் வனத்துறை ஆட்கள் வந்து நானூற்றுப் பன்னிரண்டையும் பிடுங்கிப்போட்டார்கள். சோலைமலை மலையை விட்டு இறங்கி, போடியிலிருந்து தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் டிரைவரானார். அவர்கூடப் பெரிதாகக் கோபப்படவில்லை. "வேற எவனாவது எழுதியிருந்தா நூறுன்னு போட்டு மானத்த வாங்கியிருப்பான்" என்று ஜீப் ஸ்டாண்டில் சொன்னார். கோபப்பட்டது அவருடைய தங்கை.

"வானமே பாத்துட்டுக் காடுன்னு சொல்லிருச்சு. ஒனக்கு என்னய்யா கேடு?" என்றாள் ஜோதி.

"காடு இல்லையே."

"எங்கண்ணன் இருந்தான்ல? அவன எந்தக் கட்டத்துல எழுதுன?"

அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று வீரணன் சொன்னார். அதுவும் உண்மைதான். மறுநாள் விடியற்காலை ஜோதி ஒரு பையோடு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூத்துத் தோட்டத்தில் லயத்தோடு வேலை பேசிக்கொண்டாள். லயம் என்றால் கூலியாட்கள் தங்கும் வரிசை வீடு. ஜீப்பில் ஏறியபடியே, ஐம்பது பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னாள். "உண்மைய எழுதுன கையால எனக்காக ஒரே ஒரு பொய்யி எழுதிக் கொண்டா. அன்னைக்கு எறங்கி வர்றேன்."

ஐம்பது பேர் கேட்டுவிட்டால் ஆண்பிள்ளைக்கு ரோஷம் வர வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். வீரணனுக்கும் வந்தது. மலையடிவாரத்துக் கருப்பசாமி முன்னால் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்தார். அதிலும் ஒரு சிக்கல். எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வருங்காலத்தில் பொய்யாகிவிடக்கூடிய எதையும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒருவேளை திட்டமே அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால்? ஆகவே, "என் சொந்தச் சோலியா அவ இருக்குற தோட்டத்துக்குப் போக மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். வக்கீல் வைக்காமல் விதிவிலக்கோடு சூடம் அடித்த முதல் ஆள் அவர்தான் என்று பூசாரி இன்றைக்கும் சொல்வார்.

அந்த விதிவிலக்குதான் அவரை நாலு வருடம் உயிரோடு வைத்திருந்தது.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேசினார். இரண்டாம் மாதம் கூப்பிட்டார். ஜோதி எடுத்து, "என்ன, எதுக்குக் கூப்பிட்ட?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. வீரணன், "கேஸ் புக்கு எங்க வச்சன்னு தெரியல" என்றார். உண்மையிலேயே அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார். "அரிசிப் பானைக்குப் பின்னால" என்ற பதிலோடு அந்த உறவு துண்டிக்கப்பட்டது. கேஸ் புக்கு அங்கேதான் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மதுரையில் நர்சிங் படிக்கும் மகள் முத்துப்பிரியா, லீவில் பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் கழித்தாள். "அம்மா என்ன சொன்னா?" என்றால், "போய்க் கேளுங்கப்பா. நான் என்ன சாட்டிலைட்டா, ரெண்டு பேத்தையும் பாத்துப் பாத்துச் சொல்ல?" என்பாள்.

சாட்டிலைட்டு என்றதும் வீரணனுக்கு ஒரு யோசனை வந்தது. கலையரசியிடம் போனார்.

"மேடம், இந்தப் படத்துல ஒரு ஆளு தெரியுமா?"

"ஒரு கட்டமே பத்து மீட்டர்ண்ணே. பத்துப் பேரு சேந்து படுத்தாலும் தெரியாது."

"ஆளு உள்ள இருப்பாக. தெரியாது. அப்படித்தான?"

"அப்படித்தான்."

அது போதுமாக இருந்தது அவருக்கு. போடியும் கல்லூத்தும் ஒரே படத்துக்குள் அடங்கும். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இரண்டுக்கும் நடுவே நாலு விரல்கடைதான். ஐந்து நாளைக்கு ஒருமுறை, பத்தே முக்கால் மணிக்கு, ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, அண்ணாந்து நிற்க ஆரம்பித்தார். சட்டை பத்து மீட்டர் இல்லை என்பது தெரியும். ஆனால் அந்த ஒரு நொடியில் அவரும் ஜோதியும் ஒரே படத்துக்குள் இருக்கிறார்கள் என்பதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பொட்டலில் அவர் மட்டும் திறந்த வெளியில் நின்றார். அவள் மரத்துக்கு அடியில், 'அடர்ந்த காடு' என்று பெயர் வைக்கப்பட்ட ஏதோ ஒரு கட்டத்துக்குக் கீழே இருப்பாள். மழைக்காலத்தில் மேகம் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் நின்றார். "மேகம்ண்ணே, இன்னைக்குப் படம் விழாது" என்று கலையரசி சொல்வாள். "அது வருதுல்ல. நான் போயி நிக்காம இருந்தா நல்லாருக்குமா?" என்பார்.

தொலைவில் இருந்துகொண்டே ஒன்று பச்சையாக இருக்கிறதா, வாடுகிறதா என்று அறிவதற்குப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீரணனுக்கு அந்தத் துறையில் நாலு வருட அனுபவம் சேர்ந்தது. முடிவுகள்தான் எதுவும் வரவில்லை.

அவருடைய நம்பிக்கையெல்லாம் புள்ளிகள் மேல் இருந்தது. எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். ஆறு மாதத்துக்கு ஒரு பட்டியல் வரும். புள்ளி பாறை உச்சியில் விழுந்தது. பொட்டிபுரத்துக் கரட்டு மேட்டில் விழுந்தது. ஒருமுறை ஒரு ஆட்டுப்பட்டிக்கு நட்டநடுவில் விழுந்தது. கல்லூத்தில் மட்டும் விழவில்லை. ஏழு பட்டியல் பார்த்துவிட்டு, வீரணன் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"மேடம், அந்தப் பக்கம் ஒரு புள்ளி... நாமளா வைக்க முடியாதா?"

கலையரசி பேனாவை மூடினாள். "அண்ணே, தன்னால விழுந்தாத்தான் அது ஆராய்ச்சி. நாமளா எடம் பாத்து வச்சா அதுக்குப் பேரு கல்யாணத் தரகு."

"சரிதான்" என்றார். அவராகவே இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இந்த வருடம் கடைசிப் பட்டியல் வந்தது. நாற்பது புள்ளிகள். மார்ச்சு முப்பத்தொன்றோடு திட்டம் முடிகிறது. அதற்கப்புறம் புள்ளி கிடையாது, புள்ளி இல்லாவிட்டால் கல்லூத்துக்குப் போகிற எந்தப் பயணமும் சொந்தச் சோலிதான், சத்தியம் சத்தியம்தான். வீரணன் பட்டியலைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தேழில் விரல் நின்றது.

"மேடம், இது..."

"ஆமாண்ணே."

"நீங்க வச்சீகளா?"

"சத்தியமா இல்ல. சூடம் வேணா அடிக்கவா?"

கலையரசி பொய் சொல்கிற பெண் இல்லை. நாலு வருடம் கழித்து, எந்த விதியையும் உடைக்காமல், ஒரு புள்ளி தானாக வந்து கல்லூத்துத் தோட்டத்தில் விழுந்திருந்தது. போக வேண்டிய நாள் வந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். "நான் முப்பத்தெட்டுக்குப் போறேன். அது எதிர்ச்சரிவு. நீங்க முப்பத்தேழ முடிச்சிருங்க. டேப்புப் பிடிக்க அங்கயே யாரையாவது கேட்டுக்கங்க." புள்ளி வைப்பதில்தான் விதி உண்டு. டேப்பு பிடிக்கிற ஆளுக்கு விதி எதுவும் இல்லை.

விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனால், அவரை ஏற்றிக்கொள்ள வந்தது சோலைமலையின் ஜீப்பு. பின்னால் பதினாலு பெண்கள் தூக்குவாளியோடு அடைந்திருந்தார்கள். வீரணன் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"மெதுவா மாப்ளே. தோட்டத்தத்தான் பிடுங்கியாச்சு. கதவாவது இருக்கட்டும்."

பின்னாலிருந்து ஒரு பெண், "யாருண்ணே இது, வெள்ளையும் சொள்ளையுமா?" என்றாள்.

"சர்வேக்காரரு. கண்ணாடிக்குள்ள காட்டப் பாப்பாரு. பக்கத்துல இருக்குற ஆளுதான் தெரியாது" என்றார் சோலைமலை. பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஒடித்து ஒடித்து ஏற்றினார். போடிமெட்டு தாண்டியதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "காப்பிக்குச் சீனி போட மறந்தத நீங்க சொல்லாம இருந்திருந்தா, அவ ஒங்களக் கட்டியிருக்கவே மாட்டா மாப்ளே. அதயும் நெனச்சுப் பாத்துக்கங்க" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று வீரணனுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது அந்தக் குடும்பத்து வழக்கம்.

கல்லூத்தில் சூப்பர்வைசர் பிரபாகரன் கடிதத்தை வாங்கிப் படித்தார். மலையாளமும் தமிழும் சரிபாதி கலந்து பேசுகிறவர். "சேட்டா, இது காடு அல்ல, ஏலமாணு. சாட்டிலைட்டுக்கு இதுகூட அறியில்லே?"

"அதுக்குத்தான் நான் வந்துருக்கேன். டேப்பு பிடிக்க ஒரு ஆளு வேணும்."

"அரை மணிக்கூர். அதுக்கு மேல ஆளத் தர ஒக்கில்லா, கேட்டோ?" என்றவர், சரிவைப் பார்த்து, "யாராச்சும் ஒராள் வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

காய் எடுப்பு முடிந்து, பெண்கள் செடித் தூரில் காய்ந்த சருகைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். சருகுச் சத்தம் நின்றது. ஜீப்பில் வந்தவர்கள் அதற்குள் சேதியைப் பரப்பியிருந்தார்கள்.

"ஜோதியக்கா, ஒன்னத்தான் கூப்புடுறாக."

"எனக்குச் சோலி கெடக்கு."

"ஒன் நெரை வேலையையும் சேத்து நாங்க பாத்துக்கிறோம். போக்கா. அர மணி நேரந்தானாம். நாலு வருசத்துக்கு அர மணி நேரம் கட்டுபடியாகாதா?"

சிரிப்புச் சத்தத்தின் நடுவே, ஏல இலைகளை விலக்கிக்கொண்டு ஜோதி வந்தாள். தலையில் துண்டு, கையில் அரிவாள். நெற்றி ஓரத்தில் நரை கூடியிருந்தது. அரிவாளைக் கீழே போட்டாள். வீரணன் டேப்பின் ஒரு நுனியை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். இருபது மீட்டர் வந்ததும் நின்றார்கள்.

"இழுத்துப் பிடி!" என்றார் வீரணன். நாலு வருடத்துக்குப் பிறகு அவளிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒம் பக்கம்தான் தொங்குது."

பார்த்தார். அவர் பக்கம்தான் தொங்கியது. சரி செய்தார். மரங்களை எண்ணினார். கருவி அடர்ந்த நிழலில் தடுமாறி, பிழை பதினைந்து மீட்டர் என்று காட்டியது. ஜோதி டேப்பைச் சுற்றிக்கொண்டே அருகில் வந்தாள்.

"இன்னைக்கு அஞ்சாம் நாளு இல்லையே. நாளைக்குத்தான?" என்றாள்.

வீரணன் நிமிர்ந்தார். "நீ எண்ணுறியா?"

"நான் ஒண்ணும் எண்ணல. ஒரு காலத்துல நீதான் சோறு திங்க விடாமச் சொல்லுவ, அஞ்சு நாளு, பத்தே முக்காலுன்னு. மனசுல ஒட்டிக்கிருச்சு."

"அந்நேரம் நீ மரத்தடியில இருப்ப. தெரியாது."

"காய் காயப்போடுற களத்துல நிப்பேன். சோலி இருந்தா."

"சோலி இருக்குமா?"

"வச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு, டேப்பை முடிச்சுப் போட்டாள். "நீ எங்க நிப்ப?"

"ஸ்டாண்டுக்குப் பின்னால, பொட்டல்ல. வெள்ளச் சட்ட."

"பத்து மீட்டரு சட்டையா?"

வீரணனுக்குச் சிரிக்க வந்தது; ஆனால் அரை மணியில் பதினெட்டு நிமிடம் போயிருந்தது. கண்ணாடியை எடுத்து மட்டமாகப் பிடித்துக் குனிந்தார். தலைக்கு மேலிருந்த மரமெல்லாம் கைக்குள் இறங்கியது. ஒரு கட்டத்தில் துளி வானம். மற்றதில் எல்லாம் இலை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

"என்னதான்யா இருக்கு அதுல?" என்று ஜோதி எட்டிப் பார்த்தாள்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அடுத்த கட்டத்தில் அவள் முகம் இருந்தது. அதற்கடுத்ததிலும். குவிந்த கண்ணாடியில் நாலு கட்டத்தை அடைத்துக்கொண்டு, இலைகளுக்கு நடுவே, தலையில் துண்டோடு. செயற்கைக்கோள் ஆறு வருடமாக இந்த மலையைப் படம் பிடிக்கிறது. இது எதிலும் விழவில்லை. வீரணன் எண்ணுவதை நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்பது மட்டும் படிவத்தில் பதிவாகவில்லை.

"அரை மணிக்கூர் ஆயி!" என்று பிரபாகரன் கூப்பிட்டார்.

வீரணன் எழுதினார். இலை பத்தொன்பது. வானம் ஒன்று. ஜோதி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"இருபதுதான வருது. இருபத்து நாலு வரணும்பியே. மிச்சம் நாலு?"

"அதுல நீ இருந்த."

"இலைன்னு போட வேண்டியதுதான? நான் நகந்தா இலைதான இருக்கும்?"

"நீ நகரலையே. நீ இலை இல்லையே ஜோதி."

அவள் அந்தக் காலி இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அரிவாளைக் குனிந்து எடுத்தாள். "ஒரு பொய்யி எழுதிக் கொண்டான்னு சொன்னேன். அதையும் எழுத மாட்ட. உண்மைய முழுசாவும் எழுத மாட்டன்னு இப்பத்தான் பாக்குறேன். நாலு வருசத்துல இம்புட்டுத்தான் மாறியிருக்க."

"மாறியிருக்கேனா?"

"நாலு கட்டம்" என்றாள். இலைகளை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அவளைச் சுற்றி இலைகள் மூடிக்கொண்டன, மறுபடி காடானது.

மாலை நாலரை மணிக்கு வீரணன் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீடு திரும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கலையரசி அலுவலகத்தில் இருந்து அன்றைய படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முப்பத்தேழு ஏற மாட்டேங்குது. சிவப்புக் காட்டுது. கூட்டுனா இருபதுதான் வருது. நாலு கட்டம் என்னாச்சு?"

"அதுல இலையும் இல்ல, வானமும் இல்ல, தாயி."

கீழே இருக்கும்போது அவர் 'தாயி' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கலையரசி அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலை மெதுவாக்கினாள்.

"அப்ப என்னண்ணே இருந்துச்சு?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியையோ குரங்கையோ கண்ணாடிக்குள் விட்டிருப்பார்கள். வீரணன் ஈர முகத்தோடு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஜோதி இருந்தா."

கலையரசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.

"நீங்க இலைன்னு ஒரு வார்த்த சொன்னா, இருபத்து மூணுன்னு போட்டு இப்பவே முடிச்சிருவேண்ணே. இல்லன்னா இது அளவு முடியாத புள்ளி. விதிப்படி இன்னொரு தடவ நேர்ல போய்த்தான் ஆகணும். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள."

"இலை இல்லாதத எப்படி இலைன்னு சொல்ல?"

"சரி. மறுபயணம்னு போடுறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "காரணம் கேக்குது. பார்வையில் தடை, மனிதர். சரியா?"

"சரி."

"இன்னொரு கேள்வி இருக்கு. தடை தற்காலிகமா, நிரந்தரமா?"

வீரணன் தலையை நிமிர்த்தினார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. களம் எது, லயம் எது, காடு எது என்று எதுவும் தெரியாமல் எல்லாம் ஒரே நீலமாகக் கிடந்தது. அந்தக் கேள்விக்கு அவரிடம் ஆசை ஒன்று இருந்தது. பதில் இல்லை. ஆசையைப் பதிலென்று எழுதிக்கொடுக்க அந்த வயதுக்கு மேல் அவரால் கற்றுக்கொள்ள முடியாது.

"அண்ணே? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி" என்றார் வீரணன். "அத அங்க போயி அவகிட்டத்தான் கேக்கணும். அது வரைக்கும் காலியாவே விடுங்க."